கிட்டங்கி நாய்க்குப் பயம் தெளிந்த கதை

பயந்த நாயைத் தேற்றுகிற வேலையில் நாயிடம் கடிபடுவது குறைவு. நாயின் சொந்தக்காரரிடம் கடிபடுவதுதான் அதிகம். பிறர் வீட்டுப் பிள்ளையையோ மாட்டையோ வளர்த்துக் கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது உடனே புரியும். தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். உலகச் சண்டை வந்ததும் அவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். வெடிச் சத்தத்துக்கு நடுங்கிய அந்த நாய்களை நான் தேற்றியது கடைத்தெருவரை பேச்சாகியிருந்தது. அதனால் கடற்கரைப் பக்கம் கருப்பட்டி மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அடுப்பு எரிய வேண்டுமே.

மூட்டைச் சந்து

நாயின் பெயர் சூரன். பேரைக் கேட்டுப் பயந்துகொண்டே போன எனக்குத் தெரிந்தது வால் நுனி மட்டும்தான். குட்டியாக இருக்கும்போது கருப்பட்டி மூட்டை ஒன்று பக்கத்தில் விழுந்ததாம். அன்றிலிருந்து மூட்டை விழுகிற சத்தம் கேட்டால் போதும், அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் போய் ஒடுங்கிவிடும். ஆள் கிட்டப் போனால் மூத்திரம் போய்விடும்.

முனிசிபாலிட்டி நாய்வண்டியில் ஏறிய நாய் திரும்பி வராது என்பது ஊருக்கே தெரியும். அண்ணாச்சி அதைச் சொல்லித்தான் என்னை வேலைக்கு வைத்தார்: “ஏளா, கொழும்புக்குச் சரக்கு ஏத்துற வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள குரைக்கலேன்னா வண்டிக்காரன்கிட்ட புடிச்சிக் குடுத்திருவேன். சோத்துக்கு மட்டும் ஒரு சூரன் எனக்கெதுக்கு?”

தாயத்து

யாரும் அடிக்கக் கூடாது, கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. இதைத்தான் நான் கேட்டேன். மறுநாள் போனால் சூரன் கழுத்தில் பித்தளைத் தாயத்து, அதோடு ஒரு சலங்கை. பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி நாய்க்கும் கட்டிவிட்டார். தலையை அசைத்தால் சலங்கை சத்தம். சத்தத்துக்குப் பயந்து ஓட்டம். ஓடினால் இன்னும் சத்தம். கிட்டங்கி முழுக்கச் சுற்றிவிட்டு நுரை தள்ளிக் கிடந்தது.

கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். “கழத்தவா? பயம் மொதல்ல வெளிய வரும், பொறவுதான் போவும்னு மந்திரிச்சவரு சொல்லியிருக்காரு. இப்பத்தான் வெளிய வந்துட்டிருக்கு, நீ குறுக்க கைய வைக்காத.”

முதுகு காட்டி

சலங்கைக்குள் பஞ்சைத் திணித்து அதன் வாயை அடைத்தேன். பிறகு சந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பயந்த நாயை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. உப்புப் போகக் கழுவிய கருவாட்டுத் துண்டைப் பின்பக்கமாகத் தரையில் வைப்பேன். அது தின்னும். நான் திரும்ப மாட்டேன். ஆனால் உள்ளே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கடித்துவிடுமோ? கொழும்புத் தோணி வந்துவிட்டதோ? ஒருநாள் ஈர மூக்கு என் உள்ளங்கையில் பட்டது. அழுகை வந்தது. அழுதால் தோள் குலுங்கும், குலுங்கினால் ஓடிவிடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

காவல்காரர் சுடலைமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். “எக்கா, எம் பொண்டாட்டியும் வருசக்கணக்கா முதுகக் காட்டிக்கிட்டுதான் கஞ்சி வைக்கா. எனக்கு ஏன் இன்னும் பயம் தெளியல?”

சோதனை

அடுத்தது மூட்டைச் சத்தம். சுமைக்காரர்களிடம் சொல்லி, முற்றத்துக் கடைசியில் வெறும் சாக்கைப் போடச் சொன்னேன். போட்டதும் கருவாடு. பிறகு கொஞ்சம் கனம், கொஞ்சம் கிட்டத்தில். சிரித்துக்கொண்டே போட்டார்கள், ஆனால் போட்டார்கள். கடைசியில், ‘தொம்’ என்று கேட்டால் சூரன் ஓடுவதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி வந்தார். ஒரு முழு மூட்டையைத் தூக்கி அதன் வாலோரம் போட்டார். சூரன் பழையபடி சந்துக்குள். கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டு சொன்னார்: “சோதிச்சுத்தான் பாத்தேன். நீ இத்தன நாளா ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலியே.”

அபாயச் சங்கு

மறுபடி முதலிலிருந்து, வெறும் சாக்கிலிருந்து. அது தேறிவருகிற நேரத்தில் ஒரு நண்பகல் துறைமுகத்தில் குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதியது. சுமைக்காரர்கள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அண்ணாச்சி மேஜைக்கு அடியில் புகுந்தார். நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சூரன் நடுங்கியது. ஆனால் சந்துக்குப் போகவில்லை. என் முழங்காலில் வந்து சாய்ந்தது, காதை நிமிர்த்தியது, வானத்தைப் பார்த்துக் குரைத்தது. அதன் குரலை அன்றுதான் கேட்டேன்.

மேஜைக்கு அடியிலிருந்து அண்ணாச்சி: “சனியனே, குரைக்காத! மேல பறக்கவனுக்குக் கேட்டிரப் போவுது!”

கம்பு

அதற்குப் பிறகு சூரன் வாசலை விட்டு நகரவில்லை. அந்நியர் வந்தால் குரைத்தது, சுமைக்காரர் வந்தால் வாலாட்டியது. பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொழும்புத் தோணிக்குச் சரக்கு ஏற்றிய அன்று ஒரு மூட்டை கிழிந்து கருப்பட்டி சிதறியது. பக்கத்தில் நின்ற சுடலைமுத்துவை அடிக்க அண்ணாச்சி கம்பை ஓங்கினார். சூரன் நடுவில் வந்து நின்று உறுமியது. கடிக்கவில்லை, நகரவும் இல்லை. அண்ணாச்சிதான் பின்வாங்கினார். சுமைக்காரர் ஒருவர் சிரித்துத் தொலைத்தார். உடனே அண்ணாச்சி நாய்வண்டிக்கு ஆளனுப்பினார்.

எனக்குக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறேன் என்று கேட்டேன். “ஊருக்குப் பயப்படாம இருக்கணும், எனக்கு மட்டும் பயப்படணும். அதச் சொல்லிக்குடுத்தியா நீ? எங்கன கொண்டு கெட்டினாலும் நாளைக்கு என் வாசல்ல வந்து நின்னு எல்லார் முன்னாலயும் உறுமும். வேண்டாம்.”

நாய்வண்டி

மறுநாள் காலை வண்டி வந்தது. சுடலைமுத்து கிட்டங்கிக்குப் பின்னால் போனவர் வரவேயில்லை. பழைய சூரனாக இருந்திருந்தால் சந்துக்குள் புகுந்து எவன் கையிலும் அகப்பட்டிருக்காது. “ஓடுலே, சூரா, ஓடு!” என்று கத்தினேன். கையைத் தட்டினேன். கிடந்த தகர டின்னை எடுத்துத் தரையில் அடித்தேன். சத்தத்துக்கு ஓடக் கூடாது என்று பழக்கியது நான்தானே. என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டிக்காரனிடம் வாலாட்டிக்கொண்டே போனது.

வண்டிக்காரனுக்கே ஆச்சரியம். “இவ்வளவு நல்ல நாய யாரு எக்கா வண்டிக்கு விடுதா? கயித்தக் கண்டதும் தானா வந்து கழுத்த நீட்டுது.”

பயத்தைத் தெளிவிக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்; அந்தப் பயத்தில் தங்களுக்கென்று எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொந்தக்காரர்கள் வேலை முடிந்த பிறகுதான் சொல்கிறார்கள்.