மஃறூபின் சுஜூதில் சொட்டிய தண்ணீர்

ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் மஃறூப் நானாவுக்கு நாற்பத்தேழு வயதில் பக்தி கூடிவிட்டதாக ஊர் முடிவு செய்தது. தொழுகையின் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து அவர் எழும்போது விரிப்பு நனைந்திருக்கும். பக்கத்தில் தொழுதவர்கள் கண்டார்கள். கண்டவர்கள் வெளியே சொன்னார்கள். அல்லாஹ்வுக்கு முன்னால் அழுகிற மனிதர் என்று அந்த வருடமே பள்ளிவாசல் தலைவராக்கினார்கள்.

அது கண்ணீர் இல்லை என்பது அவருக்கும் மனைவி றம்ஸியாவுக்கும் மட்டும் தெரியும். குனிந்தால் வலது மூக்கிலிருந்து பச்சைத்தண்ணீர் போலச் சொட்டும். கடையில் சேலை விரிக்கக் குனிந்தாலும் சொட்டும். ஹட்டன் குளிரில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை? கொத்தமல்லி அவித்துக் குடித்தார். ஊர்ப்பேச்சைத் திருத்தவில்லை.

மாதக்கணக்கில் நிற்காமல் போகவே றம்ஸியா அவரைக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் அதை வெறும் சளித் தடிமன் என்று நம்பவில்லை. சின்ன வயதில் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். ஏழு வயதில் தேயிலைக் கொழுந்து லொறியிலிருந்து விழுந்து மண்டை வெடித்தது அப்போதுதான் மஃறூபுக்கு ஞாபகம் வந்தது. அந்த வெடிப்பு முழுதாக மூடவில்லை, சொட்டுவது மூளையைச் சுற்றியுள்ள தண்ணீர் என்றார் டாக்டர். நாற்பது வருடம் கழித்து இப்படி ஆவது அபூர்வம்தான். ஆனால் அதே வழியால் கிருமி ஏறினால் உயிர் போகும். உடனே அடைக்க வேண்டும்.

மஃறூப் நோன்பு முடியட்டும் என்றார். பள்ளிவாசல் நிரம்புகிற மாதம் அது.

"கூட்டத்துக்காகவா மூளைய ஒழுக விடுறீங்க?" என்றாள் றம்ஸியா. "நீங்க செத்தா ஜனாஸாவுக்கு இத விடக் கூட்டம் வரும்."

அவர் கேட்கவில்லை. பத்தாம் நோன்பில் காய்ச்சல் கொதித்தது, கழுத்து விறைத்தது. றம்ஸியா வேன் பிடித்துக் கண்டிக்குக் கொண்டு போனாள். பிழைத்தார். காய்ச்சல் அடங்கியதும் மூக்கு வழியாகவே உள்ளே போய் ஓட்டையை அடைத்தார்கள்.

குனியக்கூடாத வாரங்களில் கதிரையில் உட்கார்ந்து தொழுதார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தார். விரிப்பு காய்ந்திருந்தது. மரக்கறி வியாபாரி ஷிஹாம் அதைக் கவனித்துவிட்டு, வெளியே வந்ததும் பலர் முன்னால் கேட்டான்.

"நானா, இண்டைக்கு அழல்லயே?"

சாவைத் தொட்டு வந்தவருக்கு மறைக்க மனம் வரவில்லை. "நா ஒரு நாளும் அழல்ல ஷிஹாம். அது மூக்குத் தண்ணி. மண்டையில ஒரு ஓட்டை."

ஷிஹாமின் கண்கள்தான் நிறைந்தன. "பாத்தீங்களா?" என்றான் மற்றவர்களிடம். "அழுததக் கூட மறைக்கிற மனுசன்."

மஃறூப் ஸ்கேன் படத்தை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் அடுத்த தவணைக்கும் அவரே தலைவர் என்று தீர்மானமாகியிருந்தது.