நடுக்குழாயின் மேல்முனை

ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். அண்ணன் வைத்த பெயர் சேத்துராணி. ஏரியின் அடியில் மேல், நடு, அடி என ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று குழாய்களை இறக்கி, சேற்றை அப்படியே உருவி எடுப்பார்கள். அதை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பத்திரப்படுத்திவிட்டு, மறு பாதியைத் துண்டு துண்டாக அலசி மீன் செதில் பொறுக்குவது அவள் வேலை. அடியில் பழைய காலம், மேலே புதுக் காலம். ஏரி எப்போது சூடானது, அப்போது மீன் என்ன ஆனது என்பதெல்லாம் சேற்றிலேயே கிடக்கும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள், செதில் பொறுக்கும்போது மட்டும் அசையமாட்டாள்.

இப்போது அதுவும் போயிற்று. நான்கு செதில் பொறுக்குவதற்குள் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள், வருகிறாள்.

அண்ணன் அதே ஏரியில்தான் மீன் பிடிக்கிறான். தண்ணீர் சூடேற, வலை காலியாகவே வர, படகை விற்கப் பேசி முடித்திருந்தான். இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? நடுக்குழாயின் மத்தியில் பழைய சூட்டின் தடம் இருந்தது, அதற்கு மேலே செதில் அதிகம். அதை வைத்து, மேல்குழாயை அலசும் முன்பே, "முன்னாடியும் ஏரி சூடாச்சுண்ணா. மீன் பெருகத்தான் செஞ்சிருக்கு, நானே பார்த்தேன்" என்று சொல்லிவைத்தாள். அவன் வாங்க வந்தவரைக் கன்னாபின்னாவென்று பேசி அனுப்பிவிட்டான்.

பிறகுதான் அந்த மழை ஞாபகம் வந்தது. சேறு எடுத்த அன்று, மேல்முனை எது என்று காட்ட 'மேல்' என்று எழுதிய ஒட்டுத்தாள் நடுக்குழாயிலிருந்து கழன்று விழுந்தது. ஈரக்கையோடு எடுத்து ஒட்டினாள். எந்த முனையில்? அந்த நினைப்பு வந்ததிலிருந்துதான் ஜன்னலுக்கும் மேசைக்குமான இந்த நடை.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பத்திரப்படுத்திய பாதிகளைக் குளிர் அறையிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தாள். மேல்குழாயின் அடிமுனையில் ஒரு கறுப்புப் பட்டை பாதியில் அறுந்திருந்தது. மீதிப் பட்டை நடுக்குழாயின் மேல்முனையில் இருக்க வேண்டும். அங்கே வெறும் சாம்பல்நிறச் சேறு. நடுக்குழாயைத் திருப்பி வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அவள் ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போனாள். அண்ணன் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, குழாயைத் தலைகீழா வச்சுட்டேன். சூடானதும் மீன் பெருகல. குறைஞ்சுடுச்சு."

"எத்தனை நாளைக்கு?"

"பல தலைமுறைக்கு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் படகையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் புதுநீலம், மறு பக்கம் பழைய உரிசல்.

பிறகு இன்னொரு பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான்.

"அந்தப் பக்கம் நீ அடி, சேத்துராணி. பாதியில நின்னா எவன் வாங்குவான்?"