மெகராஜ் பேகத்தின் இடது கை

1903-ஆம் வருஷம் மாசி மாதத்தில் மெகராஜ் பேகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேறு எதில் வந்திருந்தாலும், அம்மை குத்துகிற வேலையில் மட்டும் அதுவரை அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இருபது வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தப் பெண்கள் வேண்டுமென்று சர்க்கார் அப்போது தேடிக்கொண்டிருந்தது. மெகராஜ் துணிந்து மதுரைக்குப் போய் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தாள். சொந்தக்காரர்கள் வாயில் கொஞ்ச நாள் விழுந்து எழுந்தாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக, வெள்ளைத் துப்பட்டியும் தகரப் பெட்டியுமாக, ராஜபாளையத்துக்கும் வத்திராயிருப்புக்கும் மாட்டு வண்டியில் அலைகிறாள். அவள் தலையைக் கண்டால் ஓடி ஒளியாத பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது.

பிள்ளையின் இடது கையில் அடுப்புக் கல் வைத்தாற்போல மூன்று இடத்தில் கீறி, கண்ணாடிக் குழாயிலிருந்து அம்மைப்பாலைத் தடவுவாள். பட்டணத்தில் கன்றுக்குட்டிகளிடமிருந்து எடுத்துத் தபாலில் வருகிற பால் அது. எட்டாம் நாள் திரும்பி வந்து கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் ‘நன்று’ என்று எழுதுவாள். தாய்மார் மிரண்டு பின்வாங்கினால் தன் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டுவாள்.

“என்னையவே பாருங்க. இந்த மூணு தழும்பும் கையில இருந்தா ஆத்தா நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா.”

பதினைந்து வருஷமாக வீடு தவறாமல் சொன்ன வார்த்தை அது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அதன் மேல் தனி மதிப்பு.

அந்த வார்த்தையில் மண்ணைப் போட வந்து சேர்ந்தான் ஞானதுரை. டாக்டருக்குப் படித்தவன், இருபத்துநாலு வயது. வைத்தியம் மட்டும் பார்த்தால் போதாது, நோய் ஏன் வருகிறது, ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொரு பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று ஆராயவும் தெரிய வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் நாலு பேரைப் பொறுக்கியிருந்தார்கள். அவர்களில் இவன் ஒருவன். மூன்று மாதம் மெகராஜோடு சுற்றிக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட வேலை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் “ஏன்?” என்பான். கோழி குறுக்கே போனால்கூட எழுதிவைப்பான் போலிருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு தெருவில் அம்மை வந்ததும் அவன் எழுதியதைக் கேட்டு மெகராஜுக்குத் தலை சுற்றியது.

“அம்மை கண்ட பிள்ளைகள் பதினொண்ணு. அதுல ஒம்பது பிள்ளைக்கு நீங்க குத்துன தழும்பு இருக்கும்மா.”

“இருக்காது டாக்டரய்யா. சரியாப் பாத்தீயளா?”

“மூணு தடவை பாத்தேன்.”

பால் வெயிலில் கெட்டிருக்குமோ என்று அவன் யோசித்தான். கெட்டிருந்தால் கொப்புளமே எழும்பியிருக்காதே, தழும்பு எப்படி வரும் என்றாள் அவள். அப்படியானால் பால் கொடுக்கிற காப்பு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தேய்ந்துபோகிறதோ என்றான். படித்தவன், பட்டவள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் பச்சைப் பிள்ளைகளைச் சும்மா அழவைத்தோமா என்று அவள் நினைத்தாள்.

பெத்தம்மாள் வீடு அந்தத் தெருவில்தான். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. நாலு வயதுக் கருத்தையாவுக்கு இரண்டு நாளாக முத்துப் போட்டிருந்தது. தொட்டிலில் அவன் தங்கை, ஐந்து மாதக் குழந்தை இசக்கியம்மாள் கிடந்தாள். அவளுக்கு இன்னும் குத்தவில்லை. இன்றோ நாளையோ குத்தினால் பிழைக்க வழியுண்டு, தாமதித்தால் அவளையும் வாரிக்கொண்டு போகும். ஞானதுரையைத் தெருவில் நிறுத்திவிட்டு மெகராஜ் உள்ளே போனாள்.

வாழையிலையில் கிடந்தான் பையன். இடது கையில் மூன்று தழும்பு இருக்கத்தான் செய்தது. மெகராஜ் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கறுத்து, வழவழவென்று, தட்டையாக இருந்தது. அம்மைப்பால் உடம்பில் பிடித்துக் கட்டிய தழும்பு வெளுத்துக் குழிந்து, தையல்காரர் விரலில் மாட்டுகிற உறை மாதிரிப் பொட்டுப் பொட்டாக இருக்கும்.

“பெத்தம்மா, நான் குத்திட்டுப் போன பொறவு இந்தக் கையில என்ன செஞ்ச?”

பெத்தம்மாள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“நீங்க தெருவத் தாண்டவும் சாம்பலப் போட்டுத் தொடச்சுட்டேங்க்கா. துணிக்குக் குறி போடுற சேங்கொட்டை இருக்குல்ல, அதச் சுட்டு மூணு பொட்டு வச்சேன். நல்லாக் கொப்புளமாப் பொத்துச்சு. எட்டாம் நாளு நீங்களே பாத்து நல்லாருக்குன்னு சொன்னீய.”

“ஏன் புள்ள அப்படிச் செஞ்ச?”

“தழும்பு இருந்தா வராதுன்னு நீங்கதானக்கா சொன்னீய? தழும்புதான வேணும்? மாட்டுச் சீழு எதுக்குன்னு நெனச்சேன். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் வச்சோம்.”

இவளைத் திட்டுவதா? தன் நாக்கை அறுத்துப் போடுவதா? தழும்பு காவல் இல்லை, உள்ளே பால் கட்டினதற்கு அது வெறும் அடையாளம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலாவது மெகராஜ் விளக்கிச் சொன்னதில்லை. அதற்கு ஏது நேரம்? ஒரு நாளைக்கு நாற்பது வீடு பார்க்க வேண்டும். எட்டாம் நாள் வந்து, மூன்று இருக்கிறதா, இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனவள் அவள்தானே.

“நாங்க வச்சதும் ஒங்க கையில இருக்க மாதிரித்தானக்கா இருந்துச்சு,” என்றாள் பெத்தம்மாள்.

மெகராஜ் தன் ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். ஊருக்கெல்லாம் காட்டிய கைதான். காட்டினாளே தவிர ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. கறுப்பாக, வழவழவென்று, தட்டையாக மூன்று பொட்டு இருந்தது. கருத்தையாவின் கையில் இருந்ததுபோலவே.

மடியில் அம்மை கண்ட பிள்ளையின் தலை இருந்தது. மெகராஜ் அதை மெல்ல இலையில் இறக்கி வைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயார் மாஜிதா முன்னால் போய் நின்றாள்.

“ஆமாட்டி, சேங்கொட்டைதான்,” என்றாள் மாஜிதா, முறத்தைக்கூடக் கீழே வைக்காமல். “அப்பக் கன்னுக்குட்டிப் பால் ஏது? எவன் வீட்டுப் பிள்ளை கையில இருந்தோ எடுத்த சீழ ஒன் ஒடம்புல விடுவேனா? ஒன்னப் பெத்த அத்தாவுக்கே தெரியாது. அதுக்கென்ன இப்ப? நல்லாத்தான இருக்க?”

அதுதானே மெகராஜைக் குழப்பியது! பதினைந்து வருஷமாக அம்மை வீடுகளுக்குள் போய் வந்தும் அவளுக்கு ஏன் வரவில்லை? ஒன்றும் இல்லாமலேயே தப்பித்தாளா, இல்லை இனிமேல்தான் வரப்போகிறதா? அன்று மட்டும் கருத்தையாவை ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தாள். இரவெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

விடிந்ததும் ராஜபாளையம் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தொட்டிலில் இசக்கியம்மாள் கிடந்தாளே.

பெத்தம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஆத்தா வீட்டுல இருக்கும்போது கத்தி எடுக்கக் கூடாதுக்கா. அப்படியே குத்தணும்னா மொதல்ல நீங்க குத்திக்கிடுங்க. அதே பால், அதே கத்தி.”

“சரி,” என்றாள் மெகராஜ்.

தெருவில் நின்ற ஞானதுரை துள்ளிக் குதிக்காத குறைதான். “ஒரே குழாயில ரெண்டு பேருக்கும் குத்தணும்மா. குழந்தைக்குக் கட்டினா பால் நல்ல பால். ஒங்களுக்கும் கட்டினா இம்புட்டு நாளா ஒங்களுக்குக் காப்பே இல்ல. கட்டலைன்னா காப்பு எங்கயோ இருந்து வந்திருக்கு.” அவனுக்கு அது ஆராய்ச்சி, அவளுக்கு உயிர். இருந்தாலும் அவள் வாசலுக்கு வந்து கையை நீட்டியபோது, கீறுவதற்கு முன் அவன் கத்தியை இரண்டு தடவை துடைத்ததை அவள் கவனித்தாள்.

குழந்தைக்கு அவள் குத்தினாள். பெத்தம்மாள் துடைத்துவிடக் கூடாதென்று, காய்கிறவரைக்கும் மெகராஜ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் மெகராஜ் கையில் லேசாகச் சிவந்து அரித்தது. நாலாம் நாள் அது அடங்கிப்போயிற்று. எட்டாம் நாள் பார்த்தபோது இசக்கியம்மாள் கையில் மூன்று கொப்புளமும் நடுவில் குழிந்து, முத்து முத்தாக எழும்பி நின்றன. மெகராஜ் கையில் ஒன்றுமில்லை.

“ஒங்களுக்குக் காப்பு இருக்கும்மா,” என்றான் ஞானதுரை. பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு, “எப்படி?” என்றான். “படிக்கும்போது எப்பவாச்சும் கத்தி கையில பட்டுச்சா?” என்று கேட்டான்.

மெகராஜ் வலது கைப் பெருவிரலைத் திருப்பினாள். மதுரையில் முதல் வாரத்தில் அம்மைப்பால் தோய்ந்த கத்தி வழுக்கிக் கீறிய இடம். வீங்கிப் பழுத்துப் பத்து நாள் காய்ச்சல். தெரிந்தால் லாயக்கில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டே படித்தாள். அங்கே ஒரு தழும்பு இருந்தது. வெளுத்து, குழிந்து, பொட்டுப் பொட்டாக. ஊராரிடம் காட்டாமல் மறைத்த தழும்பு.

“இதுவாத்தான் இருக்கணும்,” என்றான் அவன். ஆனால் நிச்சயமாக எழுதவில்லை, ஒரு கேள்விக்குறியும் போட்டான். அந்தக் கேள்விக்குறிக்காக அவன் மேல் அவளுக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது.

அவளுடைய நோட்டில் ‘நன்று’ என்று எழுதியவை ஆயிரக்கணக்கில் இருந்தன. அதில் எது பால், எது சேங்கொட்டை? அத்தனை பிள்ளைகளின் கையையும் மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தெருவிலிருந்தே தொடங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் பழைய வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளையின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

பங்குனிக் கடைசியில் பெத்தம்மாள் கருத்தையாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிழைத்துக்கொண்டான். முகமெல்லாம் குழி, இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. இசக்கியம்மாள் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இவனுக்கு இனிமே ஆத்தா வர மாட்டாள்ல?”

“வர மாட்டா. ஒருக்கா வந்தவுகளுக்கு மறுக்கா வராது,” என்றாள் மெகராஜ்.

சந்தேகம் வந்த பிறகு, அம்மையைப் பற்றி அவள் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அது. சொல்லிவிட்டுத் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.