அம்மாவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பழங்காநத்தத்திலிருந்து திருமங்கலம் தாண்டி நான் வேலை பார்க்கும் நூற்பாலைக்குப் போய்வர, ஆரப்பாளையத்தில் ஒருவரிடம் பழைய பைக் ஒன்றை வாங்கினேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள்; ஆலையில் ஆறு வருடமாகப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். இன்ஜினைப் பிரித்துப் பார்க்காத குறையாகச் சோதித்துத்தான் வாங்கினேன்.

முதல் ஞாயிறு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அழகர்கோவிலுக்குப் போனேன். ஊரைத் தாண்டியதும் அம்மா தோளைத் தட்டினார்.

"ஏய், முன்னாடி என்னமோ சில்வண்டு மாதிரி கத்துதுடி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நிறுத்தியதும் சத்தமும் நின்றுவிட்டது என்றார். கிளப்பினால், "இந்தா, கத்துதுல்ல!"

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன். செயின், பிரேக் ஷூ, மட்கார்டு போல்ட், சைலன்ஸர் கிளாம்ப், முன்சக்கர பேரிங். ஞாயிறுதோறும் ஒன்றைக் கழற்றி, சரிபார்த்து, மாட்டி, அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. இறங்கும்போதெல்லாம், "அப்புடியேதான் இருக்கு" என்பார். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றார். சத்தத்தை வைத்தே எந்த இயந்திரத்தில் பழுது என்று சொல்லிவிடுவேன் என்று ஆலையில் எனக்குப் பெயர். நான் எப்படி இன்னொருவரிடம் போய் நிற்பேன்?

ஒன்றரை மாதத்தில் பட்டியல் முழுவதையும் அடித்துவிட்டேன். மிச்சமிருந்தது அம்மாவின் காது மட்டும்தான். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா, உன் காதுலதான் இரையுது" என்று சிடுசிடுத்தேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு அவர் வண்டியில் ஏறவே இல்லை. காது மருத்துவரிடம் நான் பிடிவாதமாக வரச்சொன்ன அன்றும் பஸ்ஸில்தான் வந்தார்.

ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்த பெண், அம்மாவுக்கு அவர் வயதுக்கு நன்றாகவே கேட்கிறது என்றார். அம்மா எழுந்துகொண்டே, "வந்தது வந்துட்டோம், இவளையும் உக்கார வச்சுப் பாருங்கம்மா" என்றார், கேலியாகத்தான். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. சோதனை நின்றுவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல்கள் நகர்ந்துகொண்டேயிருந்தன.

எங்கே வேலை என்று மருத்துவர் கேட்டார். காதடைப்பான் தரவில்லையா என்றார். தந்தார்கள். போட்டால் இயந்திரத்தின் சத்தம் சரியாகப் பிடிபடாது என்று நான்தான் பையிலேயே வைத்திருந்தேன். ஆலை இரைச்சலில் இரண்டு காதிலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என் பின்னால் ஏறிக்கொண்டார். நேராக மெக்கானிக் கடைக்குப் போனோம். நான் வண்டியை நிறுத்துவதற்குள் மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, இம்புட்டுச் சத்தத்தோடயா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?"

முன்சக்கரத்திலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் போகும் கேபிள் காய்ந்துபோயிருந்தது. என் பட்டியலில் அது இல்லவே இல்லை. எண்ணெய் விட்டு மாட்டினார். "ஒரு சுத்துப் போயிட்டு வாங்க, நின்னுருச்சான்னு சொல்லுங்க."

போய்விட்டு வந்து நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "நின்னுருச்சுப்பா" என்று அவரிடம் அம்மாதான் சொன்னார். எனக்கு வண்டி முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது.

"நான் சொன்னேன்ல" என்று அம்மா இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இன்னும் என்னென்ன சத்தங்கள் எனக்குக் கேட்காமல் போகின்றன என்பதை இனி யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும். அப்படி முதலில் சொன்னவரைத்தான் நான் காது கேளாதவரைப் போல் மருத்துவமனைக்கு வரவைத்தேன்.