எதிரில் உருட்டிய பகடை

நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும், அறுபத்தெட்டு வயது வில்லெமை வெறும் 'வில்லெம்' என்று கூப்பிட எனக்கு நாக்கு வருவதில்லை. மரக்காணத்தில் அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அம்மா அறைந்திருப்பாள். சனிக்கிழமை மதியம் மட்டும் எனக்கு விடுதலை. என் உட்ரெக்ட் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் விளையாட உட்காருவோம். விளையாட்டில் வில்லெம் ஒரு திருடன். திருடனைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சமில்லை.

தாள், பென்சில், இருபது முகப் பகடை, இவ்வளவுதான் விளையாட்டுக்குத் தேவை. நான் ஒரு பாதாளக் குகையை வாயால் விவரிப்பேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களை வைத்துக்கொண்டு, அங்கே என்ன செய்வார்கள் என்று சொல்வார்கள். பலன் சந்தேகமென்றால் பகடை. விதிகள் இந்தக் காலத்தவை, கொஞ்சம் இளகிய மனசு கொண்டவை. அடிபட்டு விழுந்தவன் உடனே சாவதில்லை. மூன்று உருட்டல் தேறினால் பிழைப்பான், அதற்குள் மூன்று தோற்றால் சாவு. நடத்தும் விதம் மட்டும் பழையது. பகடையை எல்லோர் எதிரிலும் உருட்டுவோம், விழுந்ததை மாற்ற மாட்டேன். நண்பன் வீட்டுக்குப் போகக்கூட இரண்டு வாரம் முன்பே நாள் குறிக்கும் இந்த நாட்டில், அடுத்து நடப்பது யாருக்கும் தெரியாத ஒரே இடம் என் மேசை என்று வில்லெம் சொல்வார்.

போன கோடையில் ஊரிலிருந்து போன் வந்தது. உப்புப் பாத்தியில் நின்றிருந்த அண்ணன் அருள் அப்படியே சரிந்துவிட்டான், பக்கவாதம். எனக்கு லீவு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். வலது கை அசையவில்லை. ஒரு வார்த்தை வாயில் திரண்டு வெளியே வர அரை நிமிஷம் ஆகும். பார்க்க வந்தவர்களுக்கு அந்த அரை நிமிஷம் இல்லை. "சாப்ட்டாரா? தூங்குறாரா?" என்று ஸ்டெல்லா அண்ணியிடம் கேட்டுவிட்டு, அவன் தலைக்கு மேலேயே பேசிவிட்டுப் போனார்கள். நானும் அதையேதான் செய்தேன்.

நாலாம் நாள், செய்வதற்கு ஒன்றும் தெரியாமல், பையில் கிடந்த பகடைகளை அவன் கட்டிலில் கொட்டினேன். அவனோடு உப்பு வியாபாரம் பார்க்கும் கூனிமேட்டு காசிம் பாயும் உட்கார்ந்தார். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"ரெண்டு... கைலயும்... கத்தி," என்றான் அண்ணன். அந்த ஆளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம்.

குகையின் முதல் அறையிலேயே காசிம் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாத்துக்கு நிக்கிறது அருளு? எதிர்க்க இருக்குற கதவ ஒடைச்சிட்டு உள்ள போய்டலாம்பா!"

அண்ணன் இடது கையைத் தூக்கினான். "இரு. தரை... வெள்ளையா?"

"ஓரத்துல வெள்ளை. நடுவுல கறுப்பா ஈரமா இருக்குது," என்றேன்.

"நடுவுல... கால் வெக்காத. களி. உள்ள இழுத்துடும்."

புது விதிப்படி, ஆபத்தைக் கண்டுபிடித்தானா என்று பார்க்க ஒரு பகடை உருட்டச் சொல்லியிருக்கலாம். பழைய பாணியில் சரியானதைக் கேட்டாலே போதும். ஓரமாக நடந்து இருவரும் அறையைத் தாண்டினார்கள். அடுப்படியிலிருந்து வந்த அண்ணி கரண்டியோடு நின்று அவனையே பார்த்தாள். அந்த இரண்டு வாரமும் எல்லாக் கேள்வியும் அவனிடம்தான் போனது, பதிலுக்கு நாங்கள் காத்திருந்தோம்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், மாட்டு வண்டி அளவு நண்டு ஒன்று இருவரையும் மறித்தது. காசிம் பாய் ஓடித் தப்பட்டும் என்று மேஸ்திரி நின்று சண்டை போட்டு, விழுந்தான். அண்ணி என் காதருகே குனிந்தாள். "செத்துட்டான்னு மட்டும் சொல்லிடாத தம்பி."

பகடையைக் கையில் மூடினேன். ஒரு பொய் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது.

"எதிர்ல போடு," என்றான் அண்ணன். "இல்ல... குடு." இடது கையால் அவனே உருட்டினான். தோல்வி. அடுத்தது தேறியது. பிறகு இரண்டும் தோல்வி.

"செத்தானா?"

ஆறு மாதத்தில் நடந்துவிடுவாய், கை வந்துவிடும், பழையபடி பாத்திக்குப் போவாய் என்று எல்லோரும் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த வீடு அது. நானும் சொல்லியிருந்தேன்.

"செத்துட்டான்ணா."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாள் கார் வந்து நின்றபோதும் திரும்பவில்லை. அண்ணி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். சென்னை வரை அந்தப் பொட்டலம் மடியில் கனத்தது.

உட்ரெக்டில் சனிக்கிழமை எல்லோரும் ஊர்ப்பயணம் பற்றிக் கேட்டார்கள். என் அரைகுறை டச்சில், "கடைசி நாளில் அண்ணன் செத்துப்போனான்," என்றேன். நாற்காலிகள் நகர்ந்தன. வில்லெம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அடக்கம் எப்போது என்று கேட்டார். இல்லை, விளையாட்டில்தான், என்று விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெருமூச்சுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதை விளக்க என்னிடம் டச்சு இல்லை.

மூன்று வாரம் அண்ணன் போனில் பேசவில்லை. நாலாவது சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், அண்ணியின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. திரையில் அவன் முகம். "வேற... ஆளு... எழுது."

இப்போது எங்களுக்கு மதியம் இரண்டு மணி, அங்கே மாலை ஐந்தரை. போனை பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். அவன் இடது கையைத் தூக்கினால் வில்லெம்கூடப் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் சரியாகவில்லை.

போன வாரம், மேசையில் விரித்து ஆளுக்கொரு காய் வைத்திருந்த குகைப் படத்தை அவனுக்குக் காட்டி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு காயாகச் சொன்னேன். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நீ... எங்கடா?"

"எனக்கு இதுல ஆளு கெடையாதுண்ணா. நான் நடத்துறவன்."

அவன் அதை ஏற்கவில்லை. அண்ணன் என்ன கேட்கிறார் என்று வில்லெம் விசாரித்தார். சொன்னேன். அவர் காய் டப்பாவிலிருந்து எனக்கென்று ஒரு காயை எடுத்துப் படத்தின் மேல் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்கட்டும் என்று டச்சில் கேட்டார். போனில் அண்ணனும் காத்துக்கொண்டிருந்தான்.