கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடார்காரன்

கிடார் தொழிலில் முதலில் காய்த்துப் போவது விரல் நுனி. தொண்ணூறுகளில் சென்னையில் அதை வாசித்தவர்களுக்கு மனசும் சேர்ந்தே காய்த்தது. அந்த நாட்களில் ஏதாவது ஒரு மெல்லிசைக் குழுவில், மேடையின் இடது ஓரத்தில், பூந்தொட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் கீபோர்டு வாசித்தவராக இருக்க வேண்டும்.

என் பெயர் ரகு. ஊர் மயிலாப்பூர், படிப்பு பி.காம். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தோம். படிப்பு முடிந்ததும் பாடகன் அமெரிக்கா போனான், பேஸ் கிடார்காரன் வங்கிக்குப் போனான். மிஞ்சியது நானும், டிரம்ஸ் வாசித்த பட்டினப்பாக்கத்து சேகரும்தான். கிடார் ராக் ஒன்றுதான் நிஜமான சங்கீதம், பட்டனை அமுக்கி வருவதெல்லாம் டேப்ரிகார்டர் வேலை என்பது எங்கள் கொள்கை. என் கொள்கை என்று சொல்வதுதான் சரி. சேகருக்குக் கொள்கை எதுவும் கிடையாது. நன்றாக வாசிக்க மட்டும் தெரியும்.

வீட்டுக்கார மாமி கூப்பிட்ட எலக்ட்ரீஷியன்

பயிற்சிக்காக மயிலாப்பூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி. பொறுமையான மனுஷி. டிரம்ஸ் சத்தத்தைக்கூட "கோயில் மேளம்னு நெனச்சுண்டுடறேன்" என்று சகித்துக்கொண்டார். ஆனால் நான் ஆறு மாதம் ஆசைப்பட்டு ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கிய வாரம்தான் மாடிப்படி ஏறி வந்தார். காலால் மிதித்தால் கிடாரின் குரலைக் கிழித்து, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஆக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. ராக்கின் உயிரே அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது என்று நான் சேகருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மாமி வாசற்படியில் நின்று, "ரகு, உன் மிஷின்ல என்னமோ பழுது போலிருக்கு. ஷாக் கீக் அடிச்சுடப் போறது. எங்காத்துக்கு வர எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார். அவர் முகத்தில் நிஜமான கவலை. பழுது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார், ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார், திரும்ப மாட்டினார். வாசிக்கச் சொன்னார். பெடல் இல்லாமல் வாசித்தேன். சத்தம் சுத்தமாக வந்தது. பெடலை மிதித்தேன், கிழிந்தது. அவர் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஜன்னல் வழியாக அவர் மாமியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல மாமி. ரிப்பேரான சத்தம் வரணும்னே துட்டு குடுத்து தனியா ஒரு டப்பா வாங்கி வச்சிகீறாரு."

அசல் எது?

ராக் குழுவுக்கு வருஷத்துக்கு ஒரு கல்லூரி விழா கிடைத்தால் பெரிது என்ற நிலையில், நானும் சேகரும் தி.நகரில் தனபால் அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்தோம். கல்யாண வரவேற்பு, காலனி ஆண்டு விழா, தெருக் கச்சேரி என்று மாதம் ஏழெட்டு நிகழ்ச்சி. கீபோர்டு வாசித்தவர் ராயப்பேட்டை ரஹீம் பாய். எங்களைவிடப் பத்து வயது பெரியவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவர் சிங்கப்பூரிலிருந்து வந்த புது கீபோர்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, பாத்திரக்கடை மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு வந்தார். அதற்குள் டிரம்ஸ் இருந்தது, வயலின் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது. கிடாரும் இருந்தது.

அன்று சாயந்திரமே சேகருக்கு டிரம்ஸ் வேலை போயிற்று. தனபால் அண்ணன் கெட்டவரில்லை. ஸ்பீக்கர் ஏற்றும் வேனை ஓட்டச் சொல்லி அவனை வைத்துக்கொண்டார். சேகர் சாவியை வாங்கிக்கொண்டான். அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் அடுத்தது நான்தான் என்ற பயம். இத்தனைக்கும் நியாயத்துக்காகக் குரல் கொடுக்கும் சங்கீதம் ராக் என்று அவனுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

என் முறை மறுவாரம் வந்தது. பெட்டியில் வரும் கிடாருக்கும் என் கிடாருக்கும் வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று சவால் விட்டேன். தனபால் அண்ணன் காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆறு வருஷமாகத் தேய்த்து மெருகேற்றிய என் சோலோவை வாசித்தேன். பிறகு ரஹீம் பாய் அதையே ஒரு கையால் வாசித்தார். இன்னொரு கையில் டீ கிளாஸ் இருந்தது. அண்ணன் திரும்பி, கொஞ்சமும் யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டாவதா வந்துச்சு பாரு, அதான் தம்பி அசல் கிடாரு. மொதல்ல வந்தது மிஷினு. அங்கங்க தடுமாறுது."

வீடியோவுக்கு ஒரு கிடார்

அப்புறமும் என்னை வேலையில் வைத்திருந்ததற்குக் காரணம் டி.வி.தான். வரவேற்பு நடத்துகிறவர்கள் டி.வி. கச்சேரிகளைப் பார்த்துவிட்டு, மேடையில் ஒருத்தராவது கிடாரை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அது இல்லாவிட்டால் பணக்காரக் கச்சேரி மாதிரி இல்லையாம். பாட்டின் தாளம், பேஸ் எல்லாவற்றையும் ரஹீம் பாய் வீட்டிலேயே ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். நான் அங்கங்கே நாலு ஸ்வரம் தூவ வேண்டும்.

தி.நகரில் ஒரு வரவேற்பில், மாப்பிள்ளையின் சித்தப்பா தானும் பாடுவேன் என்று மேடையேறிவிட்டார். எல்லா ஒயரும் போய்ச் சேரும் மிக்ஸர் பெட்டியில் அவருடைய மைக்குக்கு இடம் இல்லை. மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார், எழுந்து வந்து என் கிடாரின் ஒயரை உருவினார், சித்தப்பாவின் மைக்கைச் சொருகினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நிமிஷம் மேடையை விட்டு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்குகிற படிக்கட்டு மணப்பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதனால் அங்கேயே நின்று என் எதிர்ப்பைத் தெரிவிப்பது என்று முடிவுசெய்தேன். கம்பியில் கையை வைத்துக்கொண்டு, அசையாமல், விறைப்பாக, மூன்று பாட்டு நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் வீடியோக்காரர் மட்டும் விளக்கை அணைத்துவிட்டு அருகில் வந்தார். ஒரு கலைஞனின் வலி இன்னொரு கலைஞனுக்குத்தானே புரியும் என்று, ஒயர் பிடுங்கப்பட்ட கதையை அவரிடம் சொன்னேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"ஒயர் இல்லன்னா பரவால்ல சார், கேசட்ல தெரியாது. தலைய மட்டும் கொஞ்சம் ஆட்டுங்க."

அடையாறில் ஒரே ஒரு மாணவி

வருமானம் போதாமல், அடையாறில் ஒரு மியூசிக் கிளாஸில் பகல் வேளைகளில் சொல்லிக்கொடுக்கப் போனேன். பெரிய அறையில் எட்டு கீபோர்டு, எட்டு ஹெட்போன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாசிப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் டைப்ரைட்டிங் பரீட்சை நடப்பது போல இருக்கும். பின்பக்கத்துச் சின்ன அறை கிடாருக்கு. எனக்கு இருந்தது ஒரே மாணவி. வசந்தா என்று பெயர், வயது நாற்பத்தைந்து இருக்கும், அசோக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். முதல் நாளே, தாலாட்டு மாதிரி பாட்டெல்லாம் வேண்டாம், ராக் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாலாவது வாரம் அவர் விரல் நுனியெல்லாம் கொப்புளம். கம்பியை அழுத்தும்போது உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்து எனக்கே கஷ்டமாகிவிட்டது. இருக்கிற ஒரு மாணவியை இழந்தாலும் பரவாயில்லை என்று என் வாழ்நாளில் முதல்முறையாகக் கொள்கையை விட்டுக்கொடுத்தேன். "மேடம், பக்கத்து ரூம்ல கீபோர்டு கத்துக்கலாமே. விரல் வலிக்காது. ஹெட்போன் போட்டுக்கிட்டா வீட்லயும் யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றேன். அவர் கொப்புளத்தை ஊதிக்கொண்டார். பிறகு கிடாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, ராக் எதற்காக என்று நான் பத்து வருஷமாகப் பேசிய பேச்சையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

"தொந்தரவா இருக்கணும்னுதான் சார் கத்துக்கறேன். இருபது வருஷமா நான் அந்த வீட்ல இருக்கறதே யாருக்கும் கேக்கல."

ரஹீம் பாய் என் வீட்டுக்கு வந்தது

ஒரு மத்தியானம் ரஹீம் பாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாம்ப்ளர். எந்தச் சத்தத்தையும் பதிவுசெய்து, கீபோர்டின் கட்டைகளுக்குள் வைத்துவிடும் பெட்டி. என் கிடாரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்த வெற்றியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைசியில் மிஷின் கிடாரைத் தேடிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு ஸ்வரமாக மூன்று மணி நேரம் வாசித்தேன். பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கை வழுக்கிய இடங்களில் "இன்னொரு வாட்டி வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கையையே அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேனே, இனி நான் எதற்கு? அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இதுதான் கடைசி என்ற நினைப்புடன் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம்கூட அவர் என் கிடாரைப் பதிவுசெய்து வைத்த ஃப்ளாப்பியைப் போடவில்லை, "ரகு இல்லாம அது வேணாம்ணே" என்று தனபால் அண்ணனிடம் சொல்லிவிட்டார் என்று சேகர் மூலம் தெரிந்தது. நெகிழ்ந்துபோய் பாயிடம் ஓடினேன். அவ்வளவு கிடார் அவர் பெட்டியிலேயே இருக்கும்போது, என் கிடாரில் அப்படி எதைக் கண்டார் என்று கேட்டேன். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றிருந்தேன்.

"நல்லா வாசிக்கிற கிடாரு உள்ளேயே கீது நைனா. அது போரடிச்சுப் போய்தான் உன்னாண்ட வந்தேன்."

மந்தைவெளியில் கரண்ட் போனது

மந்தைவெளியில் ஒரு தெருவின் ஆண்டு விழா. மாலை ஏழு மணி, மடக்கு நாற்காலிகளில் முன்னூறு பேர். இரண்டாவது பாட்டின் நடுவில் தெருவே இருட்டாயிற்று. கீபோர்டு செத்தது, மைக் செத்தது. ஜெனரேட்டர் எடுத்து வரவில்லை. கூட்டத்தில் விசில் ஆரம்பித்தது. யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் தனபால் அண்ணன் என்னைப் பார்த்தார். "பெட்டிதான போச்சு? நம்ம கிடாரு இருக்கு. வாசி தம்பி" என்றார்.

பத்து வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம் அது. காலை அகட்டி நின்று, முழு பலத்துடன் கம்பியில் அடித்தேன். எலக்ட்ரிக் கிடார் கரண்ட் இல்லாமல் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவருக்கும் கேட்கவில்லை.

அப்போது வேனிலிருந்து சேகர் இறங்கினான். தண்ணி லாரிக்காகத் தெருவோரம் வைத்திருந்த ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மேடைக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தான். விசில் நின்றது. தனபால் அண்ணன் மைக் இல்லாமல் தொண்டையைத் திறந்து பாடினார். கூட்டம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தது. அரை மணி நேரம் அப்படிப் போயிற்று. நடுவில் கரண்ட் வந்ததும் எல்லா விளக்கும் எரிந்தது. ரஹீம் பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேகர் முடிக்கும்வரை அவர் கீபோர்டை ஆன் செய்யவில்லை. இறங்கும்போது தனபால் அண்ணன் சேகரின் வேன் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த புரோகிராமுக்கு டிரம்ஸ் எடுத்தாந்துடு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேகரைக் கட்டிப்பிடித்து, "பாத்தியாடா, மிஷின் கவுந்துடுச்சு. கடைசில நம்ம ராக்தான் நின்னுது" என்றேன். அவன் சிவந்துபோயிருந்த உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். என்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அன்றும் இல்லை, வேன் சாவியை வாங்கிய அன்றும் இல்லை. நிதானமாகத்தான் சொன்னான்.

"நம்மன்னு இன்னாத்துக்கு சேத்துக்கிற மச்சி? நீயும் கரண்ட்ல ஓடுற பார்ட்டிதான்."

இந்த எலக்ட்ரானிக் காலத்திலும் கிடார் ராக்குக்கு இடம் உண்டா என்று என்னை யாராவது கேட்டால், சந்தேகமில்லாமல் உண்டு என்றுதான் சொல்வேன், ஆனால் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வேன்.