உப்புக் குவியலுக்கு முன்னால் ஒரு முகம்

மரக்காணத்தில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோர உப்பளத்தில் ஒரு போட்டோகிராபர், உப்புக் குவியலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, நாற்பது வயதுப் பெண் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும்; தன் ஸ்டுடியோ திரை பழுப்பேறிவிட்டது என்கிறார்.

அந்தப் பெண் ஜைனபு. துபாயில் வேலை செய்யும் கணவர் பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் அங்கே வரச்சொல்லி அழைத்திருக்கிறார். எதிரே உப்புப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் சுருங்கியதால், போன படம் பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டதாம்.

"வேற நாட்டுக்குப் போக பயமா இல்லையா?" என்று கேட்கிறேன்.

"எங்க அத்தா காலத்துல பாண்டிச்சேரியே வேற நாடுங்க. பிரெஞ்சுக்காரன் இருந்தான், போறதுக்கு பர்மிட் காட்டணும். இப்ப நான் துணி எடுக்கப் போயிட்டு மத்தியானமே வந்துடுறேன். துபாயும் ஒருநாள் அப்படி ஆயிடும்."

"கண்ணை மூடிக்குங்க. மூணு சொன்னதும் தொறங்க," என்கிறார் போட்டோகிராபர்.

ஜைனபு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்களை மூடுகிறார். மூன்று என்றதும் அகலத் திறக்கிறார். கண்ணீர் திரள்வதற்குள் கிளிக் கேட்டுவிடுகிறது.

இனி எந்த நாட்டு அதிகாரி அந்த பாஸ்போர்ட் புத்தகத்தைப் பிரித்தாலும், அவருக்குத் தெரியாமலே, அந்த முகத்துக்குப் பின்னால் மரக்காணம் இருக்கும்.